ஜாமீன் கேட்காத அம்மா

மார்ச் 11, செவ்வாய்.

இன்று வக்கீல் ஆபீசில் ஒரு தவறு செய்தேன். சிறைக்குப் போன மகனுடைய மேல்முறையீடு விஷயமாக ஓர் அம்மா வந்திருந்தார். எதற்கு என்று கேட்காமலே ஜாமீன் மனுவை டைப் செய்ய ஆரம்பித்துவிட்டேன். மேல்முறையீடு என்றால் கூடவே ஜாமீன் மனு என்றுதான் மாலை நேரச் சட்ட வகுப்பில் படித்திருந்தேன்.

“ஜாமீன் வேண்டாம் தம்பி. மேல்முறையீடு நிக்காம நடந்தாப் போதும்.”

“ஏம்மா, தீர்ப்பு வர வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் அவர் உள்ளேயே கிடக்கணுமா?”

“பேத்தியை ஸ்கூல்ல கொலைகாரன் பொண்ணுங்கறாங்க. கோர்ட்டு அந்தப் பேரை அழிச்சுக் குடுக்கணும்.”

“அப்பா வீட்டுக்கு வந்தா அதுக்கும் சந்தோஷமா இருக்குமே?”

“டேய், பரீட்சை எழுதுறதுக்குள்ள வாதாட ஆரம்பிச்சுட்டியா?” என்று அதட்டிய சீனியர், குரலைத் தாழ்த்தினார். “இவங்க பையன் போன வாரம் ஜெயில்லயே இறந்துட்டான். நாங்க நடத்துறோம்னு சொந்தக்காரங்க கோர்ட்டுல அனுமதி கேக்கலைன்னா, மேல்முறையீடும் அவனோட போயிடும். குற்றவாளிங்கற தீர்ப்பு அப்படியே நின்னுடும்.”

டைப் செய்திருந்த ஜாமீன் மனுவை அழித்தேன். அந்த அம்மாதான் என்னைத் தேற்றினார். “உனக்குத் தெரியாதில்ல தம்பி, விடு.”

நாளை: மகனுடைய மேல்முறையீட்டை அம்மாவே தொடர்ந்து நடத்த அனுமதி கேட்கும் மனுவை டைப் செய்ய வேண்டும்; கோர்ட் திறப்பதற்குள் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.