ஏழாவது சட்டம்

பழைய காலத்து விமானங்களின் நகலைப் பாகம் பாகமாகச் செய்து, வீட்டிலேயே அவற்றைப் பொருத்திக்கொள்பவர்களுக்கு அனுப்புகிறவன் கர்ட். அமெரிக்காவின் விஸ்கான்சினில், அவன் கொட்டகையில் மேசைமேல் கிடக்கும் இந்த இறக்கை மட்டும் அவனும் மனைவி ஜோலீனும் தங்களுக்கென்று செய்தது. சாய்ந்த வெயிலில் ஏழாவது மரச்சட்டத்தில் அவளுடைய பென்சில் எழுத்து தெரிகிறது: “பசிக்குது, போதும் வா.” அவள் இறந்து எட்டு மாதம். சட்டங்களின்மேல் இறக்கைத் துணியை ஒட்டினால் எழுத்து மறைந்துவிடும். “பசை காயுது மாப்ள, அப்பறம் என் தலையிலதான் தேய்க்கணும்,” என்கிறான் அவள் அண்ணன் டேரல். கர்ட் துணியை ஒட்டி, இஸ்திரிப்பெட்டியின் சூட்டால் சுருக்கி இறுக்குகிறான். பிறகு, உள்ளிருக்கும் கம்பிகளைச் சோதிக்க வைக்கும் வட்டத் துளையை ஏழாவது சட்டத்துக்கு நேராக வெட்டுகிறான். “அங்க கம்பியே இல்லையே.” “தெரியும்.” டேரல் குனிந்து துளைக்குள் தெரியும் பென்சில் எழுத்தைப் பார்க்கிறான். துளைக்கான, கழற்றி மாட்டும் மூடியை எடுத்து நீட்டுகிறான்.