கடைசி முடிச்சு

டாக்டர் மெகருன்னிசா நுண்ணோக்கியில் பார்ப்பதை நோயாளியும் வீட்டாரும் வீட்டிலிருந்தே திரையில் கூடவே பார்க்கலாம் என்று ஆனதிலிருந்து, அவருக்கு வேலையே திருவிழாவாகிவிட்டது.

இன்று பஸ் டிரைவர் தணிகைவேல். நுரையீரல் புற்று பரவியிருக்கிறதா என்று அறுவை சிகிச்சையில் எடுத்த அவருடைய நிணநீர் முடிச்சுகளை டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது சுத்தம்" என்றதும் திரையில் தெரிந்த தணிகைவேலின் திருவொற்றியூர் வீட்டில் விசில் பறந்தது. அடுத்ததும் சுத்தம். யாரோ தட்டில் தாளம் போட்டார்கள்.

கடைசி முடிச்சு கன்னங்கரேலென்று இருந்தது. தணிகைவேலின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, பயப்படாதீங்கம்மா! அது ரோட்டுப் புகை. இத்தனை வருஷம் பஸ் ஓட்டினாருல்ல? எங்கயும் பரவல!"

கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற கூச்சல். டாக்டரும் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினார்.

அந்த வீடு மறைவதற்குள் அடுத்த நோயாளியின் வீடு திரையில் பக்கத்திலேயே தெரிந்தது. கழுத்துவரை பொத்தான் போட்ட ஒரு மனிதர் மட்டும் உட்கார்ந்திருந்தார். டாக்டரின் சிரிப்பு அடங்கியது.

"இன்னா சார், தனியாவா கீறீங்க?" என்றார் தணிகைவேல். "நாங்களும் கூட குந்திக்கட்டா?"

அந்த மனிதர் மேல் பொத்தானைக் கழற்றினார். "விசில் அடிப்பீங்கல்ல?" என்றார்.