முதலில் கோழிக்கு

"உள்ளே அப்பா புண்ணோட உட்கார்ந்திருக்கார். நீ இங்கே கோழிக்கு வெந்நீர் வெச்சுக்கிட்டிருக்கே! ரொம்ப நல்லாயிருக்கும்மா!"

நாத்தனார் அன்று காலைதான் வந்திருந்தாள். பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"அஞ்சு நிமிஷம், அண்ணி. இதை முடிச்சுட்டு மாமாவுக்குக் கட்டுப் போட்டுடறேன்" என்றாள் மருமகள்.

பின்பக்கப் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கோழி துண்டுக்குள் சுருண்டு அவள் மடியில் இருந்தது. அதன் காலை வெந்நீர்க் கிண்ணத்திலிருந்து எடுத்து, ஈரம் ஒற்றி, பஞ்சு வைத்து, விரல்களுக்கு நடுவே துணிப்பட்டையை விட்டுச் சுற்றினாள்.

"பெத்த பிள்ளைக்குக்கூட யாரும் இவ்வளவு செய்ய மாட்டாங்க."

மருமகள் துணிப்பட்டையின் நுனியை முடிச்சிட்டாள்.

ஜன்னலுக்குள்ளிருந்து பெரியவரின் குரல் வந்தது. "கோழிக்கு ஆச்சாம்மா?"

"ஆச்சு, மாமா."

"அப்ப வா."

கட்டிலில் இருந்தபடியே காலை நீட்டினார். சர்க்கரை. உள்ளங்கால் புண் மூன்று மாதமாக ஆறவில்லை. கட்டு மாற்றுவது ஒரு நாள் தவறினாலும் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண் பார்வையும் பாதி போயிருந்தது.

"ஏம்ப்பா, கோழிக்கு அப்புறம்தான் உங்களுக்கா?"

"நான்தான் அப்படிச் சொன்னேன். எனக்கு வந்த அதே மாசம் அதுக்கும் வந்துச்சு. அதே வலது கால். உள்ளங்கால் வீங்கி, நடுவில கறுப்பா ஒரு பொருக்கு. எனக்குச் செருப்பு கடிச்சது. அது கூண்டு மேலேர்ந்து குதிச்சுக் குதிச்சு வாங்கிக்கிச்சு." சிரித்தார். "அது ஆறினா எனக்கும் ஆறும். அதுக்குப் பார்க்காம என் காலை யாரும் தொடக்கூடாது."

"அவர்தான் சொல்றார்னா, நீயும் கூடச் சேர்ந்து தாளம் போடறியா? கோழிப் புண்ணைத் தொட்ட கையால அப்பாவைத் தொடறியே, கிருமி ஒட்டிக்காது?"

"சோப்புப் போட்டுக் கழுவிட்டேன், அண்ணி."

நாத்தனாருக்குச் சமாதானம் ஆகவில்லை. மருமகள் பெரியவருக்குக் கட்டி முடிப்பதற்குள் கத்தரிக்கோலோடு பின்பக்கம் போனாள். நொண்டிக்கொண்டிருந்த கோழியை ஒரே அமுக்கில் பிடித்துக் காலில் இருந்த கட்டை வெட்டினாள்.

உள்ளங்கால் வழவழவென்று இருந்தது. வீக்கம் இல்லை, பொருக்கு இல்லை, தழும்புகூட இல்லை. கீழே விட்டதும் கோழி நேராக நடந்து போய் மண்ணைக் கிளறியது.

"அடிப்பாவி! இது எப்பவோ ஆறிப்போச்சு! அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா சந்தோஷப்பட மாட்டாரா?"

மருமகள் கதவருகே வந்து நின்றாள். கையில் மாமனாரின் பழைய கட்டுத் துணி.

"மெதுவா பேசுங்க, அண்ணி. அந்தக் கோழி போன செவ்வாய்க்கிழமையே செத்துப்போச்சு. சீழ் கால் முழுக்க ஏறிடுச்சு. இது சந்தையில வாங்கினது. மாமா கண்ணுக்கு வெள்ளையா கட்டு மட்டும்தான் தெரியும்."

நாத்தனார் கத்தரிக்கோலைப் படியில் வைத்தாள்.

"ஆறிடுச்சுன்னு சொன்னா, 'எனக்கு மட்டும் ஏன் ஆறலே'ம்பார். முதல்ல மாமா கால் ஆறட்டும். அன்னைக்கு இதுக்கும் அவிழ்த்துடறேன்."

உள்ளேயிருந்து பெரியவர் கூப்பிட்டார். "பெரியவளே, நீயாவது பார்த்துச் சொல்லு. கோழி எப்படி நடக்குது?"

நாத்தனார் கோழியை மறுபடி பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். துணிப்பட்டைக்காக மருமகளிடம் கையை நீட்டினாள்.

"இன்னும் நொண்டுதுப்பா… ஆனா முன்னைக்கு இப்போ தேவலையாம்."