அக்காவோட வண்டி எது?

"சார், பரிசு வண்டியைப் பிரிச்சு மேயறாங்க! ஓடி வாங்க!"

வாட்ச்மேன் போட்ட கூச்சலில் சூப்பர்வைசருக்குத் தூக்கிவாரிப்போட்டது. குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்.

சாயங்காலம் முதலாளி வருகிறார். கேரவன் கட்டும் கம்பெனிக்கு வெள்ளி விழா. சிறந்த ஊழியருக்கு ஒரு கேரவன் இலவசம்! படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும் சுற்றுலா வண்டி. பரிசு ஒயரிங் அக்காவுக்கு. இரட்டைப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊர் சுற்ற வேண்டும் என்பது அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. லீவு கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

ஷெட்டுக்குள் நுழைந்தார். வண்டியின் கதவு தரையில் கிடந்தது. மேல் பெர்த் கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. கூரை மேல் பெயின்டர் உட்கார்ந்து எதையோ சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவிகளா! கூட வேலை செய்யறவளுக்கு ஒரு நல்லது நடந்தா பொறுக்காதா? இவ்வளவு வயித்தெரிச்சலா?"

கார்பென்டர் வாயில் கவ்வியிருந்த ஸ்க்ரூக்களைக் கையில் துப்பினார்.

"வயித்தெரிச்சலா? மேல் பெர்த்துல அவ பிள்ளைங்க படுக்கும் சார். நாலு ஸ்க்ரூ போட வேண்டிய இடத்துல ரெண்டுதான் இருக்கு. தூக்கத்துல புரண்டா பெர்த்தோட கீழே வரும்."

"எவன் அப்படிப் போட்டது?"

"நான்தான்."

கூரையிலிருந்து பெயின்டர் எட்டிப் பார்த்தான். "மழை பெய்ஞ்சா நேரா அடுப்பு மேல ஒழுகும் சார். இடுக்கை அடைக்கிற இந்தப் பசையை அரைகுறையா அடிச்சது நான்."

"அப்போ தினமும் கேட்டைத் தாண்டிப் போகுதே, அந்த வண்டியெல்லாம்?"

"அதுல போறவங்கல்லாம் யாரு எவருன்னே நமக்குத் தெரியாதே சார்."

சூப்பர்வைசருக்கு வந்ததே கோபம்! 'நீங்கல்லாம் மனுஷங்கதானா' என்று கேட்க வாயெடுத்தவர், கீழே கிடந்த கதவைப் பார்த்தார். அதில் 'பரிசோதிக்கப்பட்டது' என்று சீல். அவர் கையால் குத்திய சீல். குத்தும்போது வண்டிக்குள் ஏறியதுகூட இல்லை. சம்பளமும் கூடவில்லை, ஆளும் கூடவில்லை, ஆனால் ஒரு நாளைக்கு முடிக்க வேண்டிய வண்டிகள் மட்டும் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போயின. 'சீக்கிரம், சீக்கிரம்' என்று அவர் விரட்டிய விரட்டில் அவர் பெயரே 'சீக்கிரம் சார்' ஆகிவிட்டது.

"சரி, சரி. நிதானமாவே பண்ணுங்க," என்றார்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அங்கே யாரும் கேட்டதில்லை.

சாயங்காலம் முதலாளி வந்தார். 'ஒவ்வொரு வண்டியும் நம் குடும்பம்' என்ற பேனர் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. அதன் கீழே நின்று ஒயரிங் அக்கா கையில் சாவியைக் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். கைதட்டினார்கள். அப்புறம் முதலாளி சும்மா ஒரு பார்வை பார்க்கலாமே என்று வண்டிக்குள் ஏறினார். சூப்பர்வைசரும் பின்னாலேயே ஏறினார்.

கதவு சத்தமே போடாமல் மூடியது. இழுப்பறையை இழுத்தார், கையோடு வரவில்லை. முதலாளி மிரண்டே போனார்.

"யோவ், இது நம்ம வண்டிதானா?"

"நம்மளுதுதான் சார்."

"இவ்வளவு நல்லா வந்திருக்கிறதை எவனாவது சும்மா கொடுப்பானா? கண்காட்சிக்கு அனுப்பு. அந்தம்மாவுக்கு வரிசையில, அதோ, அந்த மூணாவது வண்டியைக் கொடுத்துடு. போட்டோதான் எடுத்தாச்சே!"

ஜன்னல் திறந்திருந்தது. வெளியே ஒயரிங் அக்கா சாவியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைத் திருப்பி வாங்கும்போது சூப்பர்வைசரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதலாளியின் கார் போனதுதான் தாமதம், எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"அநியாயமா இருக்கே சார்! அப்போ அக்காவோட வண்டி எது?"

அரைகுறையாக நின்ற வண்டிகளின் பக்கம் சூப்பர்வைசரின் கை நீண்டது. என்ன நினைத்தாரோ, பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

"முதலாளி இன்னும் சொல்லலைப்பா. இந்த வரிசையில ஏதோ ஒண்ணு."

"எதுன்னு தெரியாம எதைச் சார் நாங்க பார்த்துச் செய்யறது?"

"என்னைக் கேட்டா? எனக்கு மட்டும் தெரியுமா என்ன?"

கார்பென்டர் முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஸ்க்ரூ டப்பாவுடன் முதல் வண்டிக்குள் ஏறினார். பெயின்டர் பசையைத் தூக்கிக்கொண்டு கூரை கூரையாக ஏறினான். அந்த வாரம் எந்த பெர்த்திலும் ஸ்க்ரூ குறையவில்லை. 'சீக்கிரம் சார்' ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஏறி, படுத்துப் பார்த்து, குழாயைத் திறந்து பார்த்துத்தான் சீல் குத்தினார். வண்டிகள் தாமதமாக முடிந்தன. முதலாளியிடம் போனில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வரிசை முழுவதும் முடிந்ததும் ஒயரிங் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா சாவி. மூணாவது வண்டி. முதலாளி அன்னிக்கே கை காட்டிட்டார். நான்தான் மறைச்சுட்டேன். சொல்லியிருந்தா உன் வண்டியை மட்டும் இழைச்சு இழைச்சுப் பண்ணிட்டு, மத்ததைப் பழையபடி விட்டிருப்பாங்க. உன் பிள்ளைங்க விஷயத்துல விளையாடிட்டேன். மனசுல வச்சுக்காதேம்மா."

அக்கா சாவியை வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

"அன்னிக்கு ஜன்னல் திறந்துதான் சார் இருந்துச்சு. மூணாவதுன்னு அவர் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. நான்தான் யார்கிட்டயும் மூச்சு விடலை."