தெருவைக் காலி பண்ணு!

"தையல் மெஷினைத் தூக்கிட்டு ஓடிடு. இந்தத் தெருவே தரைமட்டமாகப் போகுது. நகரமைப்பு ஆபீஸ்ல போய்ப் புலம்பினே, நடக்கிறதே வேற!"

ஹெல்மெட்டைக் கழற்றாமலே உறுமிவிட்டுப் போனான் அந்தத் தடியன். தையல்காரி பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். பிழைப்பே அந்தக் கடைதான்.

"போகாதேன்னு சொல்றான்னா, அங்கதான் விஷயமே இருக்கு. வாங்கக்கா, ஒரு கை பார்த்துடலாம்!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தெருவே திரண்டு கிளம்பியது.

அதிகாரியின் அறைக்குள் முதலில் நுழைந்தாள் தையல்காரி.

"என்னம்மா, சாலைத் திட்டத்துக்கு ஆட்சேபணையா?"

அதே குரல்! ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். பின்னால் தெருவே நின்றது.

"ஆ... ஆமாங்க."

"அப்பாடா!" அதிகாரி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "நோட்டீஸ் ஒட்டி ஒரு மாசமாச்சு, ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. இன்னைக்குள்ள யாரும் ஆட்சேபிக்கலைன்னா, எல்லாருக்கும் சம்மதம்னு நான் கையெழுத்துப் போட்டே ஆகணும். இனிமே உங்களை விசாரிக்காம ஒரு செங்கல்லைக்கூட எவனும் தொட முடியாது."

"அதுக்காக இப்படியா மிரட்டுவீங்க? உசுரே போயிடுச்சு!"

"நல்லவிதமாச் சொன்னா யாரும்மா வர்றீங்க?" அவசரமாக எழுந்தார். "வழி விடுங்க, மிரட்ட வேண்டிய தெரு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."