மூன்று வருஷத்துக்கு அப்புறம்

"இடம் தர்றோம் ஹெண்ட்ரிக். ஆனா மூணே வருஷம்தான்" என்றார் ஊர்த்தலைவர் நிகிதாஸ்.

ஹெண்ட்ரிக்கின் முகம் வாடிவிட்டது. ஹாலந்திலிருந்து இந்தக் கிரேக்கத் தீவுக்கு வந்து பதினெட்டு வருஷம். குளிர்காலத்தில் மற்ற வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் கடைசிக் கப்பலில் ஏறிவிடுவார்கள். அவர் ஒருமுறைகூடப் போனதில்லை.

"அதுக்கப்புறம் நான் எங்க போறது, தலைவரே?"

"பாறை ஊரு, இடம் பத்தாது. மூணு வருஷம் முடிஞ்சதும் சொந்தக்காரங்க சேர்த்துக்குவாங்க. அதானே வழக்கம்?"

"எனக்கு யாரு இருக்கா? நான் வெளியூர்க்காரன்தானே."

காபிக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஆர்கீரோ கோப்பையை ணங்கென்று வைத்தார்.

"அப்ப நாங்க யாராம்? எங்க குடும்பத்தோட வந்து சேரட்டும். எழுதிக்கோ நிகிதாஸ்."

"அங்க உன் வீட்டுக்காரர் இருக்காரேக்கா. இடம் போதுமா?"

"கொஞ்சம் நகர்ந்துக்கட்டும். ஆறு வருஷமா பேச்சுத்துணை இல்லாமதான கிடக்காரு."

நிகிதாஸ் சிரித்தபடி கல்லறைத் தோட்டத்துப் பதிவேட்டில் எழுதினார். மூன்று வருஷம் மண்ணில். பிறகு தோண்டி எடுக்கும் எலும்புகள் ஆர்கீரோ குடும்பத்துப் பெட்டியில், அவருடைய கணவரின் எலும்புகளோடு.

ஹெண்ட்ரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒயின் ஊத்தி நானே உன் எலும்பைக் கழுவி வைக்கிறேன். நான் முந்திக்கிட்டா என் பொண்ணு கழுவுவா" என்றார் ஆர்கீரோ. "அதுக்காக அவசரப்படாதே. முதல்ல காபியைக் குடி, ஆறிப்போகுது."