திருப்பியது யார்?

“யா லமீஸ், இதயம் எங்கே இருக்கு?”

முதலாளி நிதாலின் குரல் நாலாவது மாடி முழுக்கக் கேட்டது. அம்மான் நகரத்து வெயில் ஜன்னல் வழியே திரையில் விழுந்தது. லமீஸ் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

மருத்துவமனைகளுக்கான மென்பொருள் அது. ஆங்கிலத்தில் இடமிருந்து வலமாக ஓடுவதையெல்லாம் அரபுக்காக வலமிருந்து இடமாகத் திருப்பிவைப்பது அவள் வேலை. பட்டியல், பொத்தான், அம்புக்குறி எல்லாம் ஒழுங்காகத் திரும்பியிருந்தன. நடுவே ஒரு மார்பு எக்ஸ்ரே. அதில் இதயம் அந்த ஆளின் வலப்பக்கம் இருந்தது.

“வலப்பக்கம், உஸ்தாத்.”

“உனக்கு எந்தப் பக்கம்?”

“இடப்பக்கம்.”

“எனக்கும் இங்கேதான்.” நிதால் தன் இடது மார்பில் பட்டென்று அடித்துக்காட்டினார். “ஊர்ல எல்லாருக்கும் இங்கேதான். நீ செஞ்ச மென்பொருள்ல மட்டும் எப்படிம்மா அங்கே போச்சு?”

எதிர் நாற்காலியில் டாக்டர் உமைமா. மென்பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று மருத்துவமனை சார்பில் பார்த்துச் சொல்ல வந்தவர்.

“நான் படத்தைத் தொடலை, உஸ்தாத். உடம்பைத் திருப்பக் கூடாதுன்னு முதல் நாளே சொன்னது நான்தான்.”

“கடிகாரத்தையும்தான் தொடலைன்னே. முள் பின்னாடி ஓடுதுன்னு மருந்துக்கடைக்காரன் போன் பண்ணலையா?”

கதவுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். லமீஸுக்கு முகம் கொதித்தது. அந்தக் கடிகாரத் தவறு அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. அதற்கப்புறம் அவள் கையில் ஓர் அம்புக்குறிகூடப் பிசகியதில்லை. அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

“திருப்பற மென்பொருள்னு சொன்னப்பவே எனக்குப் பயம்தான்,” என்றார் டாக்டர். “இது கடிகாரம் இல்லம்மா. இதைப் பாத்து நான் நெஞ்சுல கத்தி வைக்கணும். படம் சரியாகிற வரைக்கும் உங்க காப்பி எனக்கு வேண்டாம்.”

ஏலக்காய் மணந்த கோப்பையைத் தள்ளிவைத்தார். கேட்டது கிடைக்கும்வரை விருந்தாளி காப்பியைத் தொடாமலிருப்பது அந்த ஊர் வழக்கம். தள்ளிவைத்த கோப்பையைப் பார்த்ததும் நிதாலுக்கு மிச்சமிருந்த பொறுமையும் போயிற்று.

“என் இடத்துல, என் காப்பியைக் குடிக்க மாட்டேங்கறாங்க. பாத்துக்க. இந்த வேலை கைவிட்டுப் போச்சுன்னா, நாளைலேர்ந்து நீ இங்கே வராதே.”

லமீஸ் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றினாள். பட்டியலும் பொத்தான்களும் இடப்பக்கம் தாவின. இதயம் நின்ற இடத்திலேயே நின்றது.

“பாருங்க. ஆங்கிலத்திலேயும் அப்படித்தான்.”

“அப்போ ரெண்டையும் கெடுத்து வச்சிருக்கே.”

“படமே அப்படி வந்திருந்தா? காலையில நீங்கதானே குடுத்தீங்க. யார் படம் அது?”

“யார் படமா இருந்தா உனக்கென்ன? நோயாளிங்க படத்தை ஆஸ்பத்திரியில தர மாட்டேன்னுட்டாங்க. வேற வழியில ஏற்பாடு பண்ணேன். எடுத்த இடத்துலேயே பேரை அழிக்கச் சொல்லி வாங்கி, அப்படியே உன்கிட்ட அனுப்பினேன். இப்போ பழியை என் தலையில கட்டறியா?”

“அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்தாவது பாத்தீங்களா?”

“நான் எதுக்குப் பாக்கணும்? நானா டாக்டர்?”

அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, லமீஸ் படத்தைப் பெரிதாக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓரம் ஓரமாகத் தேடினாள். தோள்பட்டைக்குப் பக்கத்தில் வந்து நிறுத்தினாள்.

“டாக்டர், இங்கே வெள்ளையா ஓர் எழுத்து இருக்கே, என்ன இது?”

“எக்ஸ்ரே எடுக்கறவங்க வைக்கிற ஈய எழுத்து. இது ஆளோட வலப்பக்கம்னு அடையாளம். ஆங்கில ‘ஆர்’.”

“படத்தைத் திருப்பினா அந்த ‘ஆர்’ எப்படித் தெரியும்?”

“அந்த எழுத்து தன் காலை மறுபக்கம் நீட்டிக்கிட்டு…” டாக்டர் பாதியில் நிறுத்தினார். எழுந்து வந்து திரையோடு முகம் ஒட்டப் பார்த்தார். “நேராத்தான் இருக்கு.”

“நான் திருப்பியிருந்தா எழுத்தும் சேர்ந்து திரும்பியிருக்கும். இதயத்தை மட்டும் தனியாத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க எனக்குத் தெரியாது, உஸ்தாத்.”

வெளியே சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. வருடக்கணக்கில் திருப்பிப் போடுவதையே தொழிலாகச் செய்த அந்த அலுவலகத்தில், ஒரு படம் யாரும் திருப்பாமலே இப்படி இருக்க முடியும் என்று ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

“அப்போ இந்த ஆளுக்கு இதயமே வலப்பக்கம்தான்,” என்றார் டாக்டர். “ரொம்ப அபூர்வம். பிறவியிலேயே அப்படி. நல்லாத்தான் இருப்பாங்க, சில பேருக்கு வயசாகிற வரைக்கும் தெரியாது. ஆனா ஒருநாள் நெஞ்சுவலின்னு கொண்டு வந்தா, விஷயம் தெரியாத டாக்டர் தப்பான பக்கம் தேடிக்கிட்டிருப்பார். சொல்லி வைக்கணும். யார் இவர்?”

கேட்டுக்கொண்டே தன் கோப்பையை எடுத்து, ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். லமீஸ் நிதாலைப் பார்த்தாள். மன்னிப்பு வரும் என்று காத்திருந்தாள்.

“விசாவுக்குன்னு நேத்து எடுத்தாங்க,” என்றார் நிதால், யாரிடமோ சொல்வதுபோல. சற்றுமுன் பட்டென்று அடித்துக்காட்டிய இடது மார்பில் அவர் கை போய் நின்றது. அங்கே துடிப்பு எதுவும் தட்டுப்படாமல், மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது.